அறைந்தவனுக்கு 4 விநாடி, வாங்கியவளுக்கு ஒன்றுகூட இல்லை

வாசகி கேள்வி:

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். நானும் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து 21 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். குறுவை அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார் ஒருவர். ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தவர், சின்னப் பேச்சு முற்றி மனைவியை அறைந்துவிடுகிறார். கடைசியில் அதே மனைவி அவரை விளக்குமாற்றால் அடிக்கிறாள். ரஃப் கட்டை (முதல் கட்டத் தொகுப்பை) ஊர் நூலகக் கட்டடத்தில் அறுபது எழுபது பேருக்குப் போட்டுக் காட்டினோம். முதல் அறையின்போது எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். ஒரு பாட்டி மட்டும், “பாவம், அவன் என்னா கஷ்டத்துல இருந்தானோ” என்றார். இரண்டாவது இடத்தில் கட்டடமே சிரித்தது, பெண்கள் உட்பட. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பதற்காக எடுத்த காட்சி இல்லை அது. எடிட் செய்த தம்பி, “பொம்பள ஆம்பளைய அடிச்சா சிரிப்புதான்க்கா வரும், விடுங்க” என்கிறான். காட்சியைத் தூக்கிவிடலாமா? ஆண் அடித்தால் சீரியஸ், பெண் அடித்தால் காமெடி என்கிற சினிமா வழக்கத்தையே நானும் செய்துவிட்டேனா? சென்சாரில் பிரச்சினை வருமா? படத்தின் லிங்க்கும் ஷாட் பட்டியலும் இணைத்திருக்கிறேன்.

படத்தொகுப்பாளர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காட்சியைத் தூக்க வேண்டாம். தம்பி சொன்னதில் பாதி உண்மை. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பெண் அடித்தாள் என்பதற்காக வந்த சிரிப்பில்லை அது. சிரிக்க வைப்பதற்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் விளக்குமாற்றுக் காட்சியின் 11 விநாடிக்குள் நீங்களே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் சிரிப்புக்கு அழுதிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உறுத்துவது பாட்டியின் வார்த்தை. அடி விழுந்தது ஒரு பெண்ணின் கன்னத்தில். “பாவம்” போய்ச் சேர்ந்தது அடித்தவனுக்கு. பாட்டி ஒன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. படம் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். பழுது முதல் அறையில் இருக்கிறது.

டைம்லைனை எண்ணிப் பாருங்கள். கொள்முதல் நிலையக் காட்சி 3 நிமிடம் 10 விநாடி. ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் 19 சொச்சம், 17 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்கிற பதில், கட்டிய 40 கிலோ சிப்பங்களை மறுபடி டிராக்டரில் ஏற்றுவது, ரோட்டோரம் பரப்பிய நெல், மேலே மேகம். நன்றாக எடுத்திருக்கிறீர்கள். படத்திலேயே சிறந்த பகுதி அதுதான், அதனால்தான் ஆபத்தும் அங்கே இருக்கிறது. அடுத்து வீடு. 40 விநாடிப் பேச்சு. கை ஓங்குவதற்கு லோ ஆங்கிளில் ஒரு ஷாட். அறை. அவள் முகம் 22 ஃப்ரேம். நீங்கள் விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்திருப்பதால் அது ஒரு விநாடிகூட இல்லை. அதிலும் பாதி முந்தானை மறைப்பு. பிறகு அவன் முகம் 4 விநாடி 6 ஃப்ரேம், கண் கலங்க, வயலினோடு. கட் செய்தால் மறுநாள் காலை. அவள் அவனுக்குப் பழைய சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதைப் பார்க்கிறவருக்குக் கதை என்னவாகத் தெரியும்? ஒரு நல்ல மனிதன், படாத பாடு பட்டு, கை நீட்டிவிட்டு வருந்துகிறான். அறை அவனுக்கு நேர்ந்த ஒரு துயரம். அவள் கன்னம் அந்தத் துயரம் வந்து மோதிய இடம். அவ்வளவுதான்.

நம் சினிமாவில் ஆணின் கைக்கும் பெண்ணின் கைக்கும் உள்ள வித்தியாசத்தை யார் யாரை எத்தனை முறை அடித்தார்கள் என்று எண்ணினால் பிடிக்க முடியாது. அடிக்கு முன்னால் யாருக்குக் காரணம் கொடுத்தார்கள், அடிக்குப் பின்னால் யார் முகத்தைக் காட்டினார்கள், அந்த வலி அடுத்த காட்சி வரை வந்ததா என்ற மூன்றையும் எண்ண வேண்டும். கதாநாயகன் அறைந்தால், கன்னத்தில் கை வைத்தபடி அவள் நிமிர்ந்து பார்க்கும் பார்வை மெதுவாக்கப்படும். அதற்குள் புல்லாங்குழல் வந்துவிடும். பாட்டு முடிவதற்குள் அவளுக்கு அவன்மேல் காதல். “அடியாத மாடு படியாது” என்ற பழமொழிக்கு லைட் போட்டு எடுத்தது போலத்தான் அந்தக் காட்சிகள் இருக்கும். அவள் திமிர் பிடித்தவள் என்று முன்கூட்டியே இரண்டு காட்சி வைத்து அடிக்கு அனுமதி வாங்கிவிடுவார்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு. கணவன் மனைவியை அடிப்பது எந்தச் சூழலில் நியாயம் என்று ஏழு காரணங்களைச் சொல்லிக் கேட்பார்கள்: சொல்லாமல் வெளியே போனால், வீட்டையும் பிள்ளையையும் கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், ஒழுங்காகச் சமைக்காவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். 2019–21 கணக்கெடுப்பில் இந்திய அளவில் 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் ஒரு காரணத்துக்காவது ‘சரி’ என்றார்கள். உங்கள் படம் தெரியாமல் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது: நெல் ஈரமாக இருந்தால்.

அந்த 3 நிமிடத்தை வெட்டச் சொல்லவில்லை. வாய்க்காலின் கடைசிக் கோடியில் இருக்கிற கடைமடை ஊர்க்காரருக்கு அந்தக் காட்சியின் அருமை தெரியும். தண்ணீர் கடைமடைக்கு வராமலே நின்றுபோகும், அவமானம் மட்டும் தவறாமல் வந்து சேரும். ஆனால் உங்கள் படத்தில் அந்த அவமானம் கணவனோடு நின்றுவிடுகிறது. உண்மையான கடைமடை அவள். அவளுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று படத்தில் ஒரு விநாடிகூட இல்லை. “குழுக்காரங்க வந்துட்டுப் போனாங்க” என்று அவள் சொல்கிற ஒற்றை வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். அந்த வசனத்தைக் காட்சியாக்குங்கள். கடன் குழுவின் வாரத் தவணை வசூல், திண்ணையில் பத்துப் பெண்கள், எல்லார் முன்னாலும் தவணை குறைகிறவள் அவள். மற்றவர்கள் சேலை முந்தியில் முடிந்த பணத்தை அவிழ்த்து எண்ணி அவளுக்காகப் போடுகிறார்கள். ஒருத்தி மட்டும் முணுமுணுக்கிறாள். 50 விநாடி போதும். இதைக் கொள்முதல் நிலையக் காட்சியின் நடுவில் வெட்டி வெட்டிச் செருகுங்கள். மீட்டரில் எண் ஏறும்போது இங்கே நோட்டுப் புத்தகத்தில் கோடு விழட்டும். பிறகு அறை விழும்போது வீட்டுக்குள் அவமானப்பட்டவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவன் மட்டும் கை ஓங்குகிறான். அப்போது பாட்டி என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

சரி, விளக்குமாற்றுக்கு வருவோம்.

சிரிப்புக்கு முதல் காரணம் விளக்குமாறு. நம் ஊரில் விளக்குமாற்றால் அடிப்பது வலிக்காக இல்லை, மானத்தை வாங்குவதற்காக. “தொடப்பக்கட்டையால அடிப்பேன்” என்பது வசவு. அதனால் அது கையில் வந்தவுடனே பார்வையாளர் மனசு வலியிலிருந்து அவமானத்துக்குத் தாவிவிடுகிறது. இன்னொருவர் மானம் போவதைத் தூரத்திலிருந்து பார்ப்பது எப்போதுமே வேடிக்கை. இரண்டாவது, அந்தத் தூரத்தை நீங்கள் வைட் ஷாட்டாகக் கொடுத்திருக்கிறீர்கள். தலை முதல் கால் வரை தெரியும் மனிதன் குதித்தால் பொம்மலாட்டம் ஆகிவிடும். அவன் முகம் தெரிகிற ஒரு ஷாட்கூட அந்த 11 விநாடியில் இல்லை. மூன்றாவது, ஃப்ரேமின் வலப்பக்கம் வேலியோரம் நிற்கிற பையன் பல் தெரியச் சிரிக்கிறான். அவன் உண்மையில் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த பையனாக இருக்கலாம். திரையில் ஒருவர் சிரித்தால் அரங்கத்துக்கு அது அனுமதிச் சீட்டு. நான்காவது தவில். அடிக்கு ஒரு தட்டு வீதம் பொருத்தியிருக்கிறீர்கள். அடியும் தாளமும் ஒன்றாக விழுந்தால் அது நடனம். கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரரின் “போட்றா சக்க” வசனம். நகைச்சுவைக் காட்சிக்கு முத்தாய்ப்பு வைப்பது போல வைத்திருக்கிறீர்கள்.

இந்த ஐந்தையும் ஒரு கணவன் மனைவியை அடிக்கும் காட்சியில் வைத்துப் பாருங்கள். விளக்குமாறு, வைட் ஷாட், தவில், வேலியோரம் சிரிக்கிற பையன், “போட்றா சக்க”. பார்க்கவே முடியாது. ஆண் வாங்கும் அடிக்கு மட்டும் இத்தனையும் ஒத்துவருவது நம் கண்ணுக்கு எப்படிப் பழகிப்போனது? பூரிக்கட்டைக் காமெடிகளில். அந்தக் காமெடிகள் ஒரே கல்லில் இரண்டு பேரை அடிக்கின்றன. அடி வாங்குகிற ஆணுக்கு வலியே கிடையாது என்கின்றன. அடிக்கிற பெண்ணின் கோபத்துக்குக் காரணமே கிடையாது, அவள் ராட்சசி என்கின்றன. பெண்ணுக்கு உயரம் கொடுக்கிற காட்சிகள் அவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் படத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு தப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அவள் விளக்குமாற்றை எடுப்பதற்கு முன் கொண்டை அவிழ்கிறது, ஸ்லோ மோஷனில், உடுக்கைச் சத்தத்தோடு. நம் சினிமாவில் ஆண் அடிப்பதற்கு வேட்டியை மடித்துக் கட்டினால் போதும். பெண் அடிக்க வேண்டுமென்றால் அம்மன் வந்து இறங்க வேண்டும், அல்லது அவளுக்கு யாராலும் தாங்க முடியாத கொடுமை ஏதாவது நடந்திருக்க வேண்டும். பூம்புகாரில் பிறந்த கண்ணகிக்கே அப்படித்தான். கணவன் கொலையுண்ட பிறகுதான் அவள் கோபத்துக்கு ஊரை எரிக்கும் உரிமை கிடைத்தது. அப்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிகள், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடு என்று தீக்கு விலக்குப் பட்டியல் கொடுத்துவிட்டுத்தான் எரித்தாள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேலான கதை அது, அதன் கம்பீரம் வேறு. உங்கள் கதாநாயகி தவணை கட்ட முடியாத ஒரு சாதாரணப் பெண். உடுக்கை அடித்து அவளை அம்மனாக்கி, அடுத்த ஷாட்டிலேயே விளக்குமாற்றைக் கொடுத்துக் கோமாளியாக்கினால் நடுவில் மனுஷி எங்கே நிற்பாள்? கொண்டையை அவிழ்க்காதீர்கள். இறுக்கி முடிந்தே இருக்கட்டும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் காசு செலவில்லாமல் எடிட்டிலேயே முடிகிறவை.

தவிலையும் உடுக்கையையும் அணைத்துவிடுங்கள். “போட்றா சக்க”வைத் தூக்குங்கள். ஃப்ரேமை வலப்பக்கம் 15 சதவீதம் உள்ளே இழுத்தால் அந்தப் பையன் வெளியே போய்விடுவான். 4கே-யில் எடுத்திருக்கிறீர்கள், அந்த அளவு பெரிதாக்கினால் தரம் கெடாது. முதல் அறையில் வயலினை எடுத்துவிட்டு, அறைக்குப் பின் 6 விநாடிக்கு வீட்டின் வெறும் ரூம் டோனை மட்டும் ஓட விடுங்கள். மின்விசிறி, தூரத்தில் மோட்டார் சத்தம் போதும். அவன் முகத்து 4 விநாடியைப் பாதியாக்குங்கள். ரஷ்ஷில் (வெட்டாத மூலப் பதிவில்) அவள் முகம் இன்னும் நீளமாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். “கட்” சொன்ன பிறகும் கேமரா ஓடியிருந்தால் நடிகை மூச்சு விடுகிற இடம் கிடைக்கும். பல நேரம் அதுதான் சிறந்த ரியாக்‌ஷன். அதை 3 விநாடியாவது வையுங்கள்.

சத்தம் முக்கியம். உங்கள் முதல் அறையின் எஃபெக்ட் ரெடிமேட் பேக்கிலிருந்து எடுத்தது; அடியில் ‘தும்’ என்று ஒரு கனத்த ஓசை கலந்திருக்கிறது, ஒலி மீட்டரில் 0-ஐத் தொடுகிறது. அது சண்டைக் காட்சி ஓசை, அறைந்தவனுக்குப் பலம் கொடுக்கிற ஓசை. நிஜ அறை ‘பட்’டென்று குறுகலாக, காய்ந்து இருக்கும். போர்வைகள் தொங்கவிட்ட ரூமில் மைக்கை ஒரு கை தூரத்தில் வைத்து, உங்கள் தொடையில் உள்ளங்கையால் அறைந்து பத்துப் பதினைந்து முறை பதிவு செய்யுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த துணியைச் சிமெண்ட் தரையில் அடித்து ஒரு தொகுதி. இரண்டையும் கலந்தால் போதும். வசனம் −12 டெசிபல் அளவில் உச்சம் தொடுகிறது என்றால் அறை −9 அளவில் இருக்கட்டும். கை கன்னத்தைத் தாண்டுகிற ஃப்ரேமில், அல்லது ஒரு ஃப்ரேம் பின்னால் வையுங்கள். முன்னால் போனால் பொய்யென்று தெரிந்துவிடும். இரண்டு காட்சிக்கும் இதே பதிவிலிருந்து எடுங்கள்.

அடுத்தது பேட்ச் ஒர்க், அதாவது தேவையான ஷாட்டை மட்டும் மறுபடி எடுப்பது. அரை நாள் வேலை.

விளக்குமாறு வேண்டாம், அவள் கையே போதும். முதல் காட்சியில் அவன் நின்ற இடத்தில் அவள், அவள் நின்ற இடத்தில் அவன். கேமரா அங்கேயே, அதே லென்ஸ், அதே உயரம், அதே எண்ணிக்கை ஷாட். முதல் காட்சியில் எத்தனை ஃப்ரேம் அவள் முகமோ, இங்கே அத்தனை ஃப்ரேம் அவன் முகம். நடிகருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள், கண்ணை உருட்ட வேண்டாம், பின்னால் சாய வேண்டாம். அறை வாங்கியவர்கள் முதலில் கன்னத்தைத் தொடுவதில்லை. யாராவது பார்த்தார்களா என்று வாசலைத்தான் பார்ப்பார்கள். உங்கள் கதைக்கு விளக்குமாறு இல்லாமல் முடியாது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே அடி, முகம் தெரிகிற மிட் ஷாட்டில். தென்னை ஈர்க்கு தோலைக் கீறும். தடுக்கக் கை தூக்குவதால் முழங்கைக்குக் கீழே மெல்லிய கோடு கோடாக விழும். அந்தக் கோடுகளைக் காட்டினால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

உணர்ச்சி வர வேண்டும் என்று நிஜமாக அறைய விடாதீர்கள், யார் கேட்டாலும். அறைபவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து சஜஷன் ஷாட் எடுங்கள். லென்ஸ், கை, முகம் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்தினால், கை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் போனாலும் பட்டது போலவே தெரியும். 85 மி.மீ. லென்ஸ் இருந்தால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும், 24 மி.மீ. போட்டால் காட்டிக்கொடுத்துவிடும். மோதிரம், கண்ணாடி வளையல், ஜிமிக்கி எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பாதி வேகத்தில் மூன்று ஒத்திகை. தலையைத் திருப்பும் நேரத்தை அறை வாங்குபவர் முடிவு செய்யட்டும். அவர் கண்ணால் சைகை கொடுத்த பிறகுதான் கை வர வேண்டும். எடிட்டில், கை முகத்தை நெருங்கும் கடைசி 2 ஃப்ரேமை எடுத்துவிட்டால் இடைவெளி அடியோடு மறைந்துபோகும்.

மறுநாள் காலைக் காட்சிதான் இந்தப் படத்தின் உயிர், அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. முதல் அறைக்கு அடுத்த காலை அவள் கன்னத்தில் ஒன்றுமில்லை, பேச்சிலும் ஒன்றுமில்லை. படமே மறந்துவிட்டதை பாட்டி எப்படி ஞாபகம் வைத்திருப்பார்? மேக்கப் போடப் போகிறீர்கள் என்றால் விரல் தடத்தைச் சிவப்பாக வரையாதீர்கள். வெயிலில் வேலை செய்கிற கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது, சாந்து பூசியது போல இருக்கும். கன்ன எலும்புமேல் லேசான வீக்கமும் ஒரு மினுமினுப்பும் போதும். பலமான அடி என்றால் ஒன்றிரண்டு நாளில் கருநீலம், ஐந்தாறு நாளுக்கு மேல் பச்சை ஓட்டம், அப்புறம் மஞ்சள். உங்கள் கதை ஒன்பது நாளில் நடக்கிறது, கன்டினியூட்டி குறிப்பில் நாள் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேக்கப்பே இல்லாமலும் செய்யலாம். வலது கன்னத்தில் அறை. மறுநாள் பழைய சோற்றை அவள் இடது கடைவாயில் மட்டும் மெல்லட்டும். சின்ன வெங்காயத்தைக் கடிக்கப் போய் நிறுத்தட்டும். குழுப் பெண் ஒருத்தி கேட்டால், “வாசப்படில இடிச்சிக்கிட்டேன்.”

இரண்டாவது அடிக்குப் பிறகு அவனுக்கும் ஒரு காலை வேண்டும். தோளில் கிடக்கிற துண்டை அன்றைக்கு மட்டும் முகத்தோரம் இழுத்து விட்டுக்கொண்டு டீக்கடைக்கு வருகிறான். “என்னாடா கன்னத்துல?” “படுகையில நாணல் கீறிடுச்சு.” முந்தானையும் துண்டும், வாசப்படியும் நாணலும். இரண்டு காட்சியையும் ஒரே நீளத்தில் வையுங்கள். பின்னணி இசை வேண்டாம்.

இரட்டை அளவுகோலா என்று கேட்டீர்கள். அப்படி நினைத்து எடுக்கவில்லை, பழக்கத்தில் எடுத்துவிட்டீர்கள். ஆனால் இதைச் சரிசெய்கிறேன் என்று இன்னொரு பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. இருவரும் அறைந்தார்கள், ஆகவே இருவரும் சமம் என்று படம் முடிந்தால் அதுவும் பொய். தமிழ்நாட்டில், அதே கணக்கெடுப்பின்படி, மணமான 18–49 வயதுப் பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே உலகத்தில் தராசு சமமாக இல்லை, அதைப் படத்தில் சமமாக்க வேண்டியதும் இல்லை. அறை வாங்கிய பிறகு அவளுக்குப் போக இடமில்லை. அவனுக்கு டீக்கடை இருக்கிறது. அந்த வித்தியாசம் கதையில் இருக்கட்டும். வலியைக் காட்டுகிற கேமராவும் சத்தமும் மட்டும் ஆள் பார்த்து மாற வேண்டாம். கையெழுத்துப் பிரதியில் ஒரு தடவை பெயர்களை மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். தவணைக்குப் பேச்சு வாங்கிவிட்டு வந்த மனைவி, சோறு கேட்ட கணவனை முதலில் அறைகிறாள். “பாவம், என்னா கஷ்டத்துல இருந்தாளோ” என்று சொல்ல அவளுக்கு எத்தனை நிமிடக் காரணம் தேவைப்படுகிறது என்று எழுதிப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் நிற்காது. அந்த வித்தியாசத்தை விநாடியில் குறித்து வைத்துக்கொண்டு எடிட்டுக்கு உட்காருங்கள்.

வசனத்தில் ஒரு திருத்தம். பஞ்சாயத்துக்காரர், “பொம்பள அடிச்சா சட்டத்துல கேசே கெடையாது” என்கிறார். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ-வுக்குப் பதிலாக வந்திருக்கிற, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவும் பெண்களைப் பாதுகாப்பவைதான். ஆனால் அதே சன்ஹிதாவில் அடித்துக் காயப்படுத்துவதற்கான 115(2) பிரிவு ஆண் பெண் பார்ப்பதில்லை. ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “கேசு குடுத்தா ஸ்டேஷன்ல சிரிப்பாங்கடா” என்று அவர் சொல்லட்டும். அதுதான் உண்மைக்குப் பக்கம், உங்கள் படத்துக்கும் பொருத்தம்.

சென்சார் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. தியேட்டரிலோ பொது அரங்கிலோ திரையிட 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். 1991-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் வன்முறையைப் புகழவோ நியாயப்படுத்தவோ கூடாது என்றும், பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது என்றும் இருக்கிறது. ஆண்களை இழிவுபடுத்துவது பற்றித் தனியாக வரி இல்லை. தனிக் காட்சியை வைத்து முடிவு செய்யாமல் முழுப் படத்தின் தாக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அதே நெறிகளில் உண்டு. இப்போது இருக்கிற வெட்டில் ‘நியாயப்படுத்துகிறது’ என்று ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. தவணைக் காட்சியும் மறுநாள் காலையும் சேர்ந்த பிறகு இருக்கும். 2024 விதிகளில், பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யு/ஏ சான்றை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். விண்ணப்பத்தோடு கொடுக்கும் கதைச் சுருக்கத்தில் இரண்டு அறையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

புது வெட்டை அதே நூலகக் கட்டடத்தில் திரையிடுங்கள், முடிந்தால் அதே பாட்டியையும் கூப்பிட்டு. நீங்கள் திரையைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து ஆட்களைப் பாருங்கள். எந்த விநாடியில் சிரிப்பு கிளம்புகிறது என்று செல்போனில் ஒலிப்பதிவு செய்து டைம்லைனோடு பொருத்திப் பார்த்தால், எந்த ஷாட் அதைக் கிளப்புகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஷாட்டை அரை விநாடி முன்னாலேயே வெட்டிப் பாருங்கள். மற்ற நாளில் எப்படியோ, அன்றைக்கு ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்காரட்டும். அப்போதுதான் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வருகிறது என்று பதிவில் கேட்கும்.